கடலுக்கு டிக்கட்

நாங்கள் தினமும் சாயங்காலம் கடற்கரைக்குப் போவோம். நாங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். அவள் என் கணவருக்கு மூத்தவள். அவர் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். மயிலாப்பூரில் குளத்துக்குக் கிழக்கே ஒரு சின்னத் தெருவில் குடியிருந்தோம். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். என் கணவர் அப்போது ஹைகோர்ட்டில் ஜூனியர் வக்கீல். கட்சிக்காரர்களைவிட சீனியர் வீட்டுப் புத்தக அலமாரியோடுதான் அவருக்குப் பழக்கம் அதிகம். எனக்கு இருபது வயது இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் நடந்தது இது.

அக்காவுக்குப் பதினைந்து வயதில் புருஷன் போய்விட்டான். அந்தக் கால வழக்கப்படி தலையை மழித்து, நார்மடிப் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டிருப்பாள். தெருவில் அவள் எதிரே வந்தால், வெளியே கிளம்பினவர்கள் உள்ளே திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். யாரும் அவளிடம் கடுமையாகப் பேசினதில்லை. திரும்பிப் போவார்கள், அவ்வளவுதான். அதனால் எல்லோரும் ஆபீசிலிருந்து வீடு வந்து சேர்ந்த பிறகு, சுவர் ஓரமாகவே நடந்து வருவாள். சாந்தோம் பெரிய ரோட்டைத் தாண்டி, இரண்டு பங்களா மதில்களுக்கு நடுவே ஒரு சந்து. அதில் இறங்கினால் மணல். மணலில் கால் பட்டதும் அவள் நடையே மாறிவிடும். நான்தான் பின்னால் ஓடவேண்டும்.

அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி. நண்டு ஏன் நேராக ஓடாமல் பக்கவாட்டில் ஓடுகிறது? ஒரு அலை பெரிசாகவும் அடுத்தது சின்னதாகவும் வருவது எதனால்? தூரத்தில் போகும் கப்பலில் சமையல் செய்கிறவன் எங்கே தண்ணீர் பிடிப்பான்? எனக்கு ஒன்றும் தெரியாது. பதில் சொன்னவள் குப்பத்தில் இருந்த ஒரு செம்படவப் பெண். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவள் புருஷனுக்குக் கட்டுமரம் இருந்தது. சாயங்காலத்தில் வலையை மணலில் விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கால வழக்கப்படி அவளுக்கும் எங்களுக்கும் நடுவே கொஞ்சம் மணலை விட்டுத்தான் உட்காருவோம். பேச்சு மட்டும் தாராளமாகப் போய் வரும்.

"கடலுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு என்னைக் கேட்டா? எம் புருசனே பாத்ததில்ல. ஐயரூட்டம்மா, நீ ஒரு நாளு மரத்துல ஏறு, போய்ப் பாத்துக்கினு வரலாம்" என்பாள். அக்கா சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரம், மணலில் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. மூங்கில், கயிறு, பெரிய பெரிய இரும்பு வளைவுகள், சாயம் போன துணி மூட்டைகள். அக்கா நின்றுவிட்டாள். அந்த இரும்பு என்னத்துக்கு, அந்தத் துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொன்னாள். ஊர் ஊராகப் போகும் ஒரு வேடிக்கைக் கம்பெனி அது. ராட்டினம், விளக்கு அலங்காரம், வளையம் எறிகிற கடைகள், பேசும் தலை, இன்னும் என்னென்னவோ. ஒரு மாசம் இங்கே போடப்போகிறார்கள் என்று வண்டிக்காரன் சொன்னான்.

முதல் நாலைந்து நாள் எங்களுக்கு அதுவே பொழுதுபோக்கு. கொட்டகை எழும்புவதைத் தள்ளி உட்கார்ந்து பார்த்தோம். ராட்டினத்தின் இரும்புக் கால்களை மணலில் புதைக்கிறார்களே, எவ்வளவு ஆழம் போனால் சாயாது என்று அக்காவுக்குக் கவலை. விளக்கு போட்ட அன்றைக்கு நான் வாயைப் பிளந்துவிட்டேன். எங்கள் தெருவிலேயே பாதி வீடுகளில்தான் மின்சாரம் இருந்தது. அங்கேயோ சிவப்பும் பச்சையுமாக எரிந்தது. ஒலிபெருக்கியில் கிராமபோன் பாட்டு மதில்களில் மோதித் திரும்பி வந்தது. மாம்பலத்திலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் ஜனங்கள் பஸ்ஸிலும் கால்நடையாகவும் வந்து குவிந்தார்கள்.

அதற்குள் கொட்டகையைச் சுற்றி ஓலைத் தட்டி அடைத்திருந்தார்கள். அது நாளுக்கு நாள் நீண்டது. டிக்கட் வாங்காதவர்கள் அலை ஓரமாகவே நடந்து வந்து உள்ளே நுழைந்தார்களாம். அதைத் தடுக்கத் தட்டியைத் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோனார்கள். அப்புறம் தண்ணீருக்குள்ளேயே நாலு கழியை நட்டுக் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் நாங்கள் சந்திலிருந்து இறங்கியபோது எதிரே தட்டிதான் இருந்தது. சந்து வாய்க்கு நேராகவே கம்பெனியின் வாசலை வைத்துவிட்டார்கள். பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டையோடு ஒருவன் நின்றான்.

"டிக்கட்" என்று கையை நீட்டினான்.

"எனக்கு உங்க வேடிக்கை வேண்டாம்ப்பா. கடலுக்குப் போணும்" என்றாள் அக்கா.

"கடலும் உள்ளதான் கீது பாட்டி. டிக்கட் வாங்கினா ராட்டினமும் பாக்கலாம், கடலும் பாக்கலாம்."

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபமாக வந்தது. அக்காவுக்கு அப்போது முப்பத்துநாலு வயதுதான். மழித்த தலையும் முக்காடும் பார்த்து அவன் பாட்டி என்றான். அக்கா திரும்பினாள். ரோட்டைத் தாண்டும் வரைக்கும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே நடந்தாள். அழுகிறாளோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

"ஏண்டி, கடல் உள்ளே இருக்குன்னானே, எவ்வளவு தூரத்துக்கு உள்ளே? லங்கை வரைக்கும் அவாளோடதா?" என்றாள்.

ராத்திரி சாப்பாட்டின் போது தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா, அந்த மணல் யாரோடது?"

"மணலா?" என் கணவரின் கை இலையிலேயே நின்றது. "சர்க்காரோடது."

"சர்க்கார் அதை வித்துடுத்தா?"

"விக்க முடியாது. கொஞ்ச நாளைக்கு வாடகைக்கு விட்டிருப்பா."

"அலை வந்து நனைச்சுட்டுப் போறதே, அந்த எடம்? அதுக்கும் வாடகை உண்டா? அலை நேத்து ஒரு எடத்துல நின்னுது, இன்னிக்கு வேற எடத்துல நிக்கறது. எதை வெச்சு அளப்பா?"

அவர் யோசித்துக்கொண்டே ரசத்தைப் பாயசம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். மறுநாள் கேஸ் கட்டை வைத்துவிட்டு சீனியரிடம் இதைக் கேட்டிருக்கிறார். அங்கே இருந்த நாலு வக்கீல்களும் நாலு விதமாகச் சொன்னார்களாம். ஒருவர் சர்க்கார் என்றார், ஒருவர் கார்ப்பரேஷன் என்றார். ஒருவர் ஈர மணல் வரைக்கும் எல்லோருக்கும் பாத்தியம் என்றார். சீனியர் மட்டும், தான் காலேஜில் படித்த காலத்தில் அலை அடித்த இடத்தில் இப்போது கடலைக்காரன் நிற்கிறான், அந்த மணலை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு மூக்குப்பொடி போட்டுக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவர் சொன்னபோது, கேஸ் ஜெயித்தவர் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. பதில் கிடைக்காவிட்டாலும் அக்காவுக்கும் திருப்தி. ஆனால் கடற்கரைக்குப் போக வழி பிறக்கவில்லை.

வடக்கே வெகு தூரம் சுற்றி வேறொரு சந்து வழியாகப் போனோம். அங்கே குப்பத்துப் பெண் வலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரிக்க இடமில்லை.

"மரத்த ஏத்த எடமே இல்ல ஐயரூட்டம்மா. காத்தும் தண்ணியும் எங்க தள்ளுதோ அங்கதான் மரம் கரை சேரும். நாம சொல்ற எடத்துக்கா வரும்? நேத்து எங்க மரம் போயி அந்தத் தட்டியில மாட்டிக்கிச்சு. வல கீஞ்சு போச்சு."

"அந்தக் கம்பெனிக்காராகிட்ட சொன்னேளா?" என்று கேட்டேன்.

"சொல்லாம இன்னா? தட்டி கட்னதே என் கொழுந்தன்தான். ஏண்டா இப்டி கட்னன்னு கேட்டா, 'கட்டச் சொல்லி கூலி குடுத்தான், கட்னேன். அவுக்கச் சொல்லி கூலி குடுத்தா அவுக்கறேன்'றான். அவன் புள்ளைங்களுக்கு இந்த மாசம் மூணு வேளையும் சோறு. நான் இன்னாத்தச் சொல்ல?"

அக்கா தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "மாசி மகம் எப்போடி வரது?" என்றாள்.

"இன்னும் மூணு வாரம் இருக்கும்."

"ஸ்வாமி தீர்த்தவாரிக்கு இங்கதானே வருவார்? அந்தத் தட்டி இருக்கற எடத்துக்கு?"

"ஆமாம்."

"அப்போ ஸ்வாமியும் டிக்கட் வாங்கிண்டுதான் போகணுமா?"

குப்பத்துப் பெண் வலையைத் தட்டிச் சிரித்தாள். "உங்க சாமிய எத்தினி பேரு தூக்கிக்கினு வருவாங்க? அல்லாருக்கும் டிக்கட்டு வாங்கறதுக்குள்ள பொழுது வுடிஞ்சிடும்."

நான் இதை வீட்டில் சொன்னேன். என் கணவர் சீனியரிடம் சொன்னார். சீனியர் கோவிலில் யாரிடமோ சொன்னார். இரண்டு நாளில் லஸ் மூலையில் டிராமுக்கு நிற்கிறவர்கள்கூட அதைத்தான் சொல்லிச் சிரித்தார்கள். பங்களாவாசிகள் ஒலிபெருக்கி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தார்கள். அதற்கு அசையாத எங்கள் பகுதி கவுன்சிலர், இந்தக் கேள்வி காதில் விழுந்ததும், தானே வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

அவர் வந்தது ஒரு சாயங்காலம், விளக்கு போடுவதற்கு முன்னால். ஜரிகைத் தலைப்பாகையும் கைத்தடியுமாகப் பெரியவர். மணலில் நடந்து பழக்கமில்லை, தடி புதைந்து புதைந்து போயிற்று. என் கணவர் கூட வந்தார். நாங்கள் தள்ளி நின்றோம். குப்பத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வாசலிலிருந்து கம்பெனி மேனேஜர் வந்தார். வெயிலில் கறுத்த உயரமான மனுஷர். மேலே கோட்டு, காலில் செருப்பில்லை. ராட்சசனை எதிர்பார்த்திருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"ஐயா, நான் வேணும்னு செய்யலீங்க. மொதல்ல தண்ணி வரைக்கும் தட்டியே கெடையாது. அலையோரமா நடந்து வந்து பாதி ஊரு உள்ள பூந்துடுது. என்னை நம்பி நெறையப் பேரு இருக்காங்க. அவங்களுக்குச் சோறு போடணுமே" என்றார்.

கவுன்சிலர் தலையாட்டினார். அவர் அதோடு கிளம்பிவிடுவார் போல இருந்தது. அக்கா என் முழங்கையை இடித்தாள். ஆண்கள் முன்னால் அவள் பேசமாட்டாள். அதனால் என்னிடம் பேசுகிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஏண்டி, வேடிக்கைக்கு டிக்கட்னா வேடிக்கையைச் சுத்தித்தானே தட்டி அடைக்கணும்? கடலை ஏன் அடைச்சான்னு கேளு."

நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. மேனேஜர் நேராகவே பதில் சொன்னார். "மூணு பக்கம் தட்டி, நாலாவது பக்கம் கடல்னு கணக்குப் போட்டேம்மா. கடல் பக்கமும் அடைக்கணும்னா இன்னும் ஒரு வண்டி ஓலை வேணும்."

"ஒரு வண்டி ஓலை மிச்சம் புடிக்க எங்க பொழப்ப அடைச்சுட்டியா?" என்று குப்பத்துப் பெண் முன்னால் வந்தாள். அவளுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "தொரை, கொஞ்சம் இங்க வந்து பாரு" என்று கவுன்சிலரையே அழைத்துக்கொண்டுபோய், தண்ணீரில் நட்ட கழிகளையும் அதில் தொங்கின வலைக் கிழிசலையும் காட்டினாள். அப்போது வந்த ஒரு அலையில் பெரியவரின் பஞ்சகச்சம் முழங்கால் வரை நனைந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீரிலேயே நின்று அந்தக் கழிகளை வெகு நேரம் பார்த்தார்.

அப்புறம் நடந்ததை என் கணவர் சொல்லித்தான் தெரியும். அனுமதி கொடுத்த காகிதத்தில் இத்தனை நீளம், இத்தனை அகலம் என்று மட்டும் இருந்ததாம். தண்ணீருக்கு எவ்வளவு தள்ளி என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கவுன்சிலில் இதைப் பேச எடுத்தபோது, இனிமேல் கடற்கரையில் எந்தக் கம்பெனிக்கும் இடம் கொடுக்கக்கூடாது என்றார் ஒருவர். இன்னொருவர் எழுந்து, பங்களாவில் இருக்கிறவனுக்கு வீட்டிலேயே கிராமபோன் இருக்கிறது, சைதாப்பேட்டையிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு நடந்து வருகிறவனுக்கு வருஷத்தில் ஒரு ராட்டினம் கூடாதா என்று கேட்டாராம். எனக்கு அந்த இரண்டாவது ஆளைப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ராட்டினத்தில் ஏற ஆசை.

கடைசியில் ஓர் அளவுக்கு வந்தார்கள். தட்டி தண்ணீரிலிருந்து இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற தூரம் பின்வாங்க வேண்டும். சந்து வாயை அடைக்கக்கூடாது. கோவிலில் அர்த்தஜாம மணி அடிப்பதற்குள் ஒலிபெருக்கி நிற்க வேண்டும். மகத்துக்கு முன்னால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அடுத்த வருஷத்திலிருந்து அந்த மணலில் வருஷத்துக்கு ஒரு கம்பெனிதான், ஒரு மாசம்தான்.

குப்பத்துப் பெண்ணின் கொழுந்தன் அவிழ்க்கவும் கூலி வாங்கிக்கொண்டான். வாசலை வடக்கே மாற்றினார்கள். நாங்கள் பழையபடி சந்தில் இறங்கினோம். எதிரே கடல் தெரிந்தது. அக்கா விறுவிறுவென்று ஈரம் வரைக்கும் போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள்.

"உள்ளே என்னதான் இருக்குன்னு பாக்கணும்டி."

"நீங்களா?"

"டிக்கட் வாங்கினாத்தான் கடல்னு சொன்னப்போ வேண்டாம்னு இருந்துது. இப்போ வாங்கினாலும் வாங்கலாம், விட்டாலும் விடலாம். வாங்கிப் பாப்போமே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். அன்றைக்குப் போனோம். எங்களைப் பார்த்துவிட்டு மேனேஜர், சும்மாவே உள்ளே வரலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தாள். காக்கிச் சட்டைக்காரன் இரண்டு சீட்டைக் கிழித்து, "வாங்க பாட்டி" என்றான்.

"எனக்கு முப்பத்துநாலு வயசு" என்றாள் அக்கா.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தெரியாம சொல்லிட்டேன்... போங்கக்கா" என்று வழி விட்டான்.

நான் ராட்டினத்தில் ஏறினேன். மேலே போனதும் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்கவேண்டியதை எல்லாம் பார்க்காமலே இறங்கினேன். அக்கா கீழே நின்று, நாலு பேர் கையால் இழுத்து அதைச் சுற்றுவதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் பேசும் தலை.

ஒரு கறுப்புத் துணிக் கொட்டகை. உள்ளே ஒற்றை விளக்கு. மேஜை மேல் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் பூ வைத்து, பொட்டு இட்ட ஒரு சின்னப் பெண்ணின் தலை. மேஜைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பின்னால் இருந்த துணி வரைக்கும் வெறுமையாகத் தெரிந்தது. முனிவர் சாபத்தால் உடம்பை இழந்த ராஜகுமாரி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வாள் என்று ஒருவன் ராகம் போட்டுச் சொன்னான். பெண்ணுக்கு எப்போது கல்யாணம், பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். தலை, "தை மாசம்", "கிடைக்கும்" என்று பதில் சொல்லிற்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அக்கா முன்னால் போனாள். "கழுத்து வலிக்கறதாம்மா?" என்றாள்.

தலையின் கண் அந்த ஆளைப் பார்த்தது. பிறகு அக்காவைப் பார்த்தது. "வலிக்குதும்மா" என்று மெதுவாகச் சொல்லிற்று. அவன் சட்டென்று திரையை இழுத்துவிட்டான்.

அக்கா வெளியே வந்து கொட்டகையின் பின்பக்கம் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பதினாறு வயது இருக்கும். சித்தூர்ப் பக்கம், தமிழில் தெலுங்கு கலந்திருந்தது. எங்களைப் பார்த்து முதலில் பயந்தாள். அக்கா, "உன் உடம்பை எங்கேடியம்மா ஒளிச்சு வெச்சே?" என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். உள்ளே அழைத்துப் போய்க் காட்டினாள். மேஜைக் கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகளைச் சாய்வாக வைத்திருந்தார்கள். அக்கா குனிந்து, உட்கார்ந்து, தவழ்ந்து பார்த்தாள்.

"அட! இது பக்கத்துத் துணின்னா தெரியறது! பின்னாடி இருக்கற துணின்னு நாமளா நினைச்சுண்டுட்டோம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தப் பெண் எங்களை ஒரு கேள்வி கேட்டாள். "இந்தக் கடலு தண்ணி நெஜமாவே உப்பா இருக்குமா?"

"நீ பாக்கலையா? இதோ இருக்கே!"

"சத்தம் கேக்கும். வந்ததே ராத்திரியில, அப்புறம் கொட்டகைக்குள்ளயேதான், இப்ப தட்டி வேற. வெளிய போவக்கூடாதுன்னு அய்யா சொல்லிட்டாங்க."

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. மேனேஜரிடம் போனோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "கொடுமைக்குச் செய்யலம்மா. யாராவது அவளை வெளிய பாத்துட்டா, தலைக்கு ஒடம்பு இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். அப்புறம் யாரு வந்து பாப்பாங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். இந்தத் தடவையும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்: "என்னோட நார்மடி ஒண்ணைத் தரேன். என்னை மாதிரி முக்காடு போட்டுண்டு வரட்டும். என்னை யாரும் நிமிந்து பாக்கமாட்டா, அவளையும் பாக்கமாட்டா."

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்தக் கோலமா? மேனேஜரும் தயங்கினார். ஆனால் அந்தப் பெண் தயங்கவேயில்லை. "நான் தெனமும் சாபம் வாங்கின தலையாத்தானே ஒக்காந்திருக்கேன். துணிதானேம்மா?" என்றாள்.

மறுநாள், விளக்கு போடுவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் தட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே விட்டிருந்த அந்தப் புதிய வழியில் நடந்தோம். இரண்டு முக்காடுகள், நடுவே நான். எதிரே வந்த இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அந்தப் பெண் அலையைக் கண்டதும் நின்றாள். அது காலைத் தொட்டதும் கத்தினாள். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பி, மறுபடி அள்ளினாள். அடுத்த அலையில் மூன்று பேருமே விழுந்தோம். அக்காவின் முக்காடு நழுவிற்று. அவள் அதை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

குப்பத்துப் பெண் வலையை விட்டுவிட்டு வந்தாள். "யாரிது, இன்னோர் அம்மா? சொந்தமா?" என்று உற்றுப் பார்த்தாள். கொழுந்தன் புண்ணியத்தில் அவள் ஏற்கெனவே எல்லா வேடிக்கையும் பார்த்தவள். "ஐயே, இது தலையாச்சே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். கரையில் இருந்தவர்களுக்கு எங்களைத் தெரியாதபடி வந்து குறுக்கே நின்றுகொண்டாள். கம்பெனி கிளம்பும் வரைக்கும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக்கா வேடிக்கைக்குப் போனது தெருவில் தெரிந்துபோய் இரண்டு மூன்று வீடுகளில் முணுமுணுத்தார்கள். என் கணவர் காதுக்கும் வந்தது. ராத்திரி அவசர அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார். கையலம்பிவிட்டு வந்து, "அக்கா, அந்தத் தலையை எப்படித்தான் வெச்சிருக்கா?" என்று கேட்டார். அக்கா கைக்கண்ணாடியையும் முக்காலியையும் கொண்டுவரச் சொல்லி அவருக்குச் செய்து காட்டினாள்.

மகத்துக்கு இரண்டு நாள் முன்னால் கம்பெனி வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. மேனேஜர் இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. ராட்டினம் நின்ற இடத்தில் பெரிய பெரிய குழிகள். குப்பத்துக்காரர்கள் மணலைத் தள்ளி மூடினார்கள். ஸ்வாமி வந்து தீர்த்தமாடிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் தை மாசம் வேறொரு கம்பெனிக்காரர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். இந்த வக்கீலைக் கேட்டுக்கொண்டு இடத்தை அளந்து கயிறு பிடித்தால் பிறகு தகராறு வராது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் கணவர் அப்போதுதான் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் சட்டம் எடுத்துச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அக்கா உள்ளேயிருந்து கூடத்துக்கு வந்தாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை. வந்தவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அலை இன்னிக்கு நிக்கற எடத்தை வெச்சு அளக்காதீங்கோ. பௌர்ணமிக்கு இன்னும் மேலே ஏறும். குப்பத்துல கேட்டுண்டு, அங்கேருந்து தள்ளிக் கயித்தைப் பிடிங்கோ. மரம் ஏத்தற எடத்தை விட்டுடுங்கோ."

அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டு, "சரிம்மா" என்றார்.

"உங்ககிட்ட என்னென்ன வேடிக்கை இருக்கு?" என்று கேட்டாள் அக்கா. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். என் கணவர் கோர்ட்டுக்கு நேரமாகிறது என்பதை மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.